மாசியோடு மட்டும் நாம் அறிந்த அயல் நாடு: மாலைதீவு



இது கொஞ்சம் நீண்ட பதிவு. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

சில வாரங்களுக்கு முன் பொது அறிவுப் போட்டி ஒன்றுக்குப் பிள்ளைகளைத் தயார்படுத்திக் கொண்டிருந்தேன். தலைப்பு "அயல் நாடுகள்". தலைநகரம், நாணயம், தேசிய மரம், தேசிய மலர் எல்லாம் பிள்ளைகளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. நான் கேள்வியை முடிக்க முன்னமே பதில் வந்து விழும்.

"மாலைதீவின் தேசிய மரம்?"
"தென்னை, சேர்!"
"தேசிய மலர்?"
"ரோஜா, சேர்!"
"கொடியின் நிறம்?"
"சிவப்பு, பச்சை, நடுவுல வெள்ளைப் பிறை, சேர்!"

அப்போது தரம் 8 மாணவி ஒருவர் கையை உயர்த்தினார். "சேர், அந்த நாடு கடலுக்குள்ள போயிரும் என்று சொல்றாங்களே. அப்படிப் போனா அந்தக் கொடிய எங்க சேர் ஏத்துவாங்க?"

வகுப்பு முழுக்கச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. "நாளைக்குச் சொல்றேன் மகள்" என்று மழுப்பிவிட்டு வந்துவிட்டேன். 2004இல் கடல் ஊருக்குள் வந்ததைப் பார்த்தவன் நான். அந்தக் கேள்வியை அப்படியே விட்டுவிட என்னால் முடியவில்லை. அன்றிரவும் அதற்குப் பிறகும் தேடி வாசித்ததில் விளங்கியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

*நம் சமையலறையில் இருக்கும் நாடு*

மாலைதீவு நமக்குப் புதிய பெயர் இல்லை. சீனிச் சம்பலுக்கு மாசி வேண்டும். நம் உம்மம்மாமார் மாசியை உரலில் போட்டு இடிக்கும் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. மாலைதீவு மக்களின் திவெஹி மொழியில் "மஸ்" என்றால் மீன். நம் "மாசி" அந்தச் சொல்லின் வழிவந்ததுதான். சிங்களத்தில் அதே "மஸ்" இறைச்சியைக் குறிக்கிறது. திவெஹியும் சிங்களமும் நெருங்கிய உறவு மொழிகள். வீட்டுக்கு இரண்டிலும் "கே", மரத்துக்கு இரண்டிலும் "கஸ்".

சூரை மீனை வெட்டி, அவித்து, புகை போட்டு, விறகுக் கட்டை போல இறுகும் வரை வெயிலில் காயவைத்தால் அது மாசி. உப்புக் கருவாடு வேறு, மாசி வேறு. குளிர்சாதனப் பெட்டி என்று ஒன்று இல்லாத காலத்தில், மாதக்கணக்கில் கெடாமல் கப்பலில் ஏற்றி அனுப்ப அந்த மக்கள் கண்ட வழி அது.

அதே மீனைப் பற்றி 14ஆம் நூற்றாண்டிலேயே இப்னு பதூதா எழுதியிருக்கிறார். 1343இல் அங்கு போய்ச் சேர்ந்த அவர், சில மாதங்கள் அந்நாட்டின் காழியாகவும் இருந்தார். 1344இல் அங்கிருந்து புறப்பட்டு இலங்கைக்கு வந்தார். புத்தளம் பக்கம் கரையிறங்கி, ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்து, பாவாத மலைக்கும் ஏறினார். ஆக, மாலைதீவுக்கும் நமக்கும் இடையிலான கடல்வழி அன்றே நன்றாகப் பழகிய வழிதான்.

*மலை இல்லை, ஆறு இல்லை*

இப்போது அந்த நாட்டின் தரையைப் பார்ப்போம். கிட்டத்தட்ட 1,190 தீவுகள். அவற்றில் 200க்கும் குறைவானவற்றில்தான் ஊர்கள் இருக்கின்றன. வடக்கிலிருந்து தெற்காக 800 கிலோமீற்றருக்கு மேல் நீளும் இந்தத் தீவுச் சங்கிலி, பூமத்திய ரேகையையும் தாண்டிப் போகிறது. தெற்கே உள்ள அட்டு தீவுக்கூட்டம் பூமியின் தென் பாதியில் இருக்கிறது. இவ்வளவு தூரம் பரந்தும், எல்லாத் தீவுகளின் நிலத்தையும் ஒன்றாகச் சேர்த்தால் 300 சதுர கிலோமீற்றர் அளவுதான். நம் இலங்கைக்குள் அப்படி 200 மாலைதீவுகளை வைக்கலாம்.

இந்தத் தீவுகள் முருகைக்கல்லால் ஆனவை. எரிமலைத் தீவு ஒன்றைச் சுற்றி முருகை வளரும். எரிமலை மெல்ல மெல்லக் கடலுக்குள் அமிழும்போது முருகை மட்டும் மேல் நோக்கி வளர்ந்துகொண்டே இருக்கும். கடைசியில் எரிமலை மறைந்து, நடுவில் களப்பும் சுற்றிவர முருகை வளையமும் மிஞ்சும். இந்த விளக்கத்தை 1842இல் சார்ள்ஸ் டார்வின் நூலாக எழுதினார். அப்படிப்பட்ட வளையத் தீவுக்கூட்டத்துக்கு இன்று உலகம் முழுவதும் சொல்லும் பெயர் "அட்டோல்". அது திவெஹி மொழி உலகத்துக்குக் கொடுத்த சொல். அவர்கள் சொல்வது "அதொளு".

முருகை மணலில் மலை எங்கே வரும்? நாட்டின் இயற்கையான மிக உயர்ந்த இடமே இரண்டரை மீற்றருக்குள்தான். நம் வகுப்பறைச் சுவரின் உயரம்கூட இல்லை. நிலத்தில் 80 வீதத்துக்கு மேல் கடல் மட்டத்திலிருந்து ஒரு மீற்றருக்குக் கீழே இருக்கிறது.

மலை இல்லாததால் ஆறும் இல்லை. மழைநீர் மணலுக்குள் இறங்கி, கீழே உள்ள உவர்நீருக்கு மேல் மெல்லிய நன்னீர்ப் படையாகத் தேங்கி நிற்கும். அதுதான் கிணற்று நீர். கரையோரத்தில் கிணறு வெட்டிய நம் ஆட்களுக்கு இது விளங்கும். கொஞ்சம் கூட இறைத்தால் உவர் ஏறிவிடும். தலைநகர் மாலேயில் இன்று கடல்நீரைச் சுத்திகரித்துத்தான் குடிக்கிறார்கள். 2014 டிசம்பரில் அந்தச் சுத்திகரிப்பு நிலையத்தில் தீப்பிடித்தபோது, நகரம் முழுவதும் குடிநீர் இல்லாமல் தவித்தது. இந்தியா விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் அனுப்பியது. நாலு பக்கமும் கடல், குடிக்க ஒரு மிடறு இல்லை.

*நம் வாடை, அவர்கள் இருவை*

காலநிலையிலும் ஒரு சுவாரசியம் இருக்கிறது. நமக்கும் அவர்களுக்கும் ஒரே இரண்டு காற்றுகள்தான். ஆனால் அவை கொண்டு வருவது வேறு வேறு.

நம் கிழக்குக் கரைக்கு மழை தருவது வாடை. வங்காள விரிகுடாவைத் தாண்டி ஈரத்தோடு வந்து, ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் வயலையும் குளத்தையும் நிரப்புகிறது. கச்சான் காற்றோ மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, வெறும் அனலாக நம்மிடம் வந்து சேர்கிறது.

மாலைதீவில் இது அப்படியே தலைகீழ். தென்மேல் காற்றை மறிக்க அங்கே மலை இல்லை. அது கடலிலிருந்து நேரே ஈரத்தோடு வந்து மழையாகிறது. அந்தக் காலத்துக்கு "ஹுளங்கு" என்று பெயர். வடகீழ் காற்றின் காலம் "இருவை". அது வறண்ட காலம். ஜனவரி தொடக்கம் ஏப்ரல் வரை வானம் வெளுத்து, கடல் அமைதியாகக் கிடக்கும். உல்லாசப் பயணிகள் அதிகம் வருவதும் அப்போதுதான். வெப்பநிலை வருடம் முழுவதும் பெரும்பாலும் 25 பாகை செல்சியசுக்கும் 31க்கும் இடையில் நிற்கும். தெற்குத் தீவுகளுக்கு வடக்கை விட மழை கூட.

இந்தக் காலங்களைக் கணக்கிட அவர்களிடம் "நகை" என்ற பழைய பஞ்சாங்கம் உண்டு. வருடத்தை 27 பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 13 அல்லது 14 நாள் வைத்திருக்கிறார்கள். 18 பகுதி ஹுளங்கு, 9 பகுதி இருவை. பெயர்களைக் கேளுங்கள்: அஸ்ஸிதா, புருனு, கெதி, ரோனு. நம் அயல் வீட்டுத் தமிழ்ச் சகோதரர்களிடம் கேட்டால் உடனே சொல்வார்கள்: அசுவினி, பரணி, கார்த்திகை, ரோகிணி. அதே 27 நட்சத்திரங்கள்! எந்தப் பகுதியில் கடல் கொந்தளிக்கும், எப்போது நடலாம் என்று மீனவரும் தோட்டக்காரரும் இதை வைத்துத்தான் பார்த்தார்கள். முஸ்லிம் நாடு ஒன்றின் மீனவர் பஞ்சாங்கத்துக்குள் இந்தியப் பெருங்கடல் கரையோரத்தின் பொதுவான பழைய அறிவு இருக்கிறது.

*தேசிய மரம் ஏன் தென்னை?*

இனிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்த சின்னங்களுக்கு வருவோம்.

நம் தேசிய மரம் நாகமரம். நம்மில் எத்தனை பேர் அதைத் தொட்டுப் பார்த்திருப்போம்? மாலைதீவின் தேசிய மரம் தென்னை. அதைத் தொடாமல் அங்கு ஒருவர் வாழ்ந்திருக்கவே முடியாது. முருகை மணலில் பெரிய காட்டு மரங்கள் வளர்வது கடினம். உவர்க் காற்றிலும் மணலிலும் உறுதியாக நிற்பது தென்னை. "தோனி" என்ற அவர்களுடைய படகு தென்னம் பலகை. அந்தப் பலகைகளைத் தைத்த கயிறு தென்னந் தும்பு. கூரை கிடுகு. பானம், பாணி, எண்ணெய், கறிக்குப் பால் எல்லாம் தென்னை.

ஆணி அடித்த கப்பல் பாறையில் மோதினால் உடைந்துவிடும், கயிற்றால் தைத்த கப்பல் வளைந்து கொடுக்கும் என்று இப்னு பதூதா விளக்கியிருக்கிறார். மாலைதீவுக் கயிறு இந்தியா, சீனா, யெமன் வரை போனதையும் எழுதியிருக்கிறார். தேங்காய் மட்டையை ஊறவைத்து, அடித்து, தும்பெடுத்து, திரித்தவர்கள் பெண்கள். ஆகவே அந்த நாட்டின் கப்பலோட்டத்தில் பாதி அந்தப் பெண்களின் கைகளில் இருந்தது.

இன்னொரு ஏற்றுமதி சோகி. அதுதான் அன்று வங்காளத்தில் சில்லறைக் காசு. மாலைதீவார் களப்பில் சோகி பொறுக்கி வங்காளத்துக்கு அனுப்பி, அதற்குப் பதிலாக அரிசி வாங்கினார்கள். வயல் இல்லாத நாடு கடலில் காசு பொறுக்கிச் சோறு தின்றது என்று சொல்லலாம்.

அரச இலச்சினையையும் பாருங்கள். நடுவில் ஒரு தென்னை, அதனோடு பிறையும் நட்சத்திரமும், இரு பக்கமும் தேசியக் கொடி, கீழே அரபு எழுத்தில் நாட்டின் பழைய பெயர். அரச இலச்சினையில் பல நாடுகள் சிங்கத்தையும் கழுகையும் வைத்துக்கொள்ள, இவர்கள் தமக்குச் சோறு போட்ட மரத்தை வைத்திருக்கிறார்கள்.

தேசிய மலர் இளஞ்சிவப்பு ரோஜா. அது முருகை மணலில் தானாக முளைத்த செடி இல்லை. வெளியிலிருந்து வந்து, வீட்டு முற்றத்தில் பார்த்துப் பார்த்து வளர்க்கப்பட்டது. வந்ததையும் தனதாக்கிக் கொள்ளும் துறைமுக மக்களின் குணம் அதில் தெரிகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

*பிறையும் எழுத்தும்*

பிறை கொடிக்கு வந்த கதை நீண்டது. 12ஆம் நூற்றாண்டு வரை மாலைதீவு பௌத்த நாடு. பழைய தூபிகளின் இடிபாடுகள் சில தீவுகளில் இன்றும் உண்டு. 1153இல், ஹிஜ்ரி 548இல், மன்னர் இஸ்லாத்தை ஏற்று சுல்தான் முஹம்மத் அல்-ஆதில் ஆனார். அவருக்கு மார்க்கத்தை எடுத்துச் சொன்னவர் மொரோக்கோ பக்கத்து அபுல் பரகாத் யூசுப் அல்-பர்பரி என்று இப்னு பதூதா எழுதுகிறார். பாரசீகத்தின் தப்ரீஸைச் சேர்ந்த யூசுப் என்று வேறொரு வரலாறும் உண்டு. எப்படி இருந்தாலும், படையோடு யாரும் போகவில்லை. பாய்க்கப்பலில் வந்த பயணி ஒருவரோடுதான் மார்க்கம் வந்தது. நம் முன்னோரின் கரைகளுக்கும் அப்படித்தானே வந்தது?

மாலேயில் 1658இல் கட்டப்பட்ட ஹுகுரு மிஸ்கி, அதாவது ஜும்ஆப் பள்ளிவாசல், முழுக்க முருகைக்கல்லைச் செதுக்கி அடுக்கியது. கருங்கல் இல்லாத நாடு கடலிலிருந்து கல்லெடுத்துப் பள்ளி கட்டியது.

அவர்களின் "தானா" எழுத்து வலமிருந்து இடமாக எழுதப்படும். அதன் முதல் ஒன்பது எழுத்துகளும் அரபு இலக்கங்கள் 1 முதல் 9 வரையானவற்றிலிருந்து உருவானவை. அடுத்த ஒன்பது பழைய உள்ளூர் இலக்கங்களிலிருந்து வந்தவை. இலக்கங்களையே எழுத்தாக்கித் தம் மொழியை எழுதிய மக்கள் அவர்கள்.

கொடி பழைய காலத்தில் வெறும் சிவப்பு. இந்தியப் பெருங்கடலோர முஸ்லிம் அரசுகள் சில சிவப்புக் கொடியைத்தான் பயன்படுத்தின. ஓமானும் சன்சிபாரும் அப்படியே. 20ஆம் நூற்றாண்டில்தான் பச்சையும் பிறையும் சேர்ந்தன. கம்பத்துப் பக்கம் கறுப்பு வெள்ளைச் சாய்கோடுகளும் இருந்தன. 1965இல் சுதந்திரத்தோடு அந்தக் கோடுகள் நீங்கின. சிவப்பு, நாட்டுக்காக உயிர் கொடுத்தவர்களின் இரத்தம். 1558 முதல் 1573 வரை போர்த்துக்கேயர் மாலேயைப் பிடித்து வைத்திருந்தனர். உதீமு தீவைச் சேர்ந்த முஹம்மத் தகுருஃபானு அவர்களை விரட்டினார். அந்த வெற்றியின் நினைவாக இன்றும் றபீஉனில் அவ்வல் முதலாம் நாள் அங்கே தேசிய தினம்.

*கொழும்பில் எழுதப்பட்ட சுதந்திரம்*

நம்மில் பலருக்குத் தெரியாத பகுதி இது.

ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும் மாலைதீவுச் சுல்தானின் தூதர்கள் ஆண்டுதோறும் பரிசுப் பொருட்களோடு கொழும்புத் தேசாதிபதியிடம் வந்து போனார்கள். 1887 டிசம்பர் 16இல் சுல்தான் ஆங்கிலேயப் பாதுகாப்பை ஏற்ற ஒப்பந்தமும் இலங்கைத் தேசாதிபதியோடுதான். உள்நாட்டு ஆட்சி சுல்தானிடம், வெளிநாட்டு விவகாரம் ஆங்கிலேயரிடம். 1965 ஜூலை 26இல் மாலைதீவு முழுச் சுதந்திரம் பெற்ற ஒப்பந்தம் கையெழுத்தானதும் கொழும்பில், பிரித்தானிய உயர்ஸ்தானிகரின் இல்லத்தில். மாலைதீவுக்காக ஒப்பமிட்டவர் இப்ராஹிம் நாசிர். 1968இல் அது குடியரசானது.

தேசிய கீதமும் அப்படியே. வரிகளை 1948இல் எழுதியவர் முஹம்மத் ஜமீல் தீதி. தொடக்கத்தில் அது ஒரு ஸ்கொட்லாந்துப் பாட்டின் மெட்டில் பாடப்பட்டது. 1972இல் அதற்குப் புதிய மெட்டுப் போட்டவர் யார் தெரியுமா? நம் நாட்டின் பண்டித் டபிள்யூ. டி. அமரதேவ! ஒரு சிங்களக் கலைஞரின் இசையில் ஒரு முஸ்லிம் நாடு தன் கீதத்தைப் பாடுகிறது. இதைச் சொன்னபோது என் வகுப்பில் ஒரு பிள்ளைகூட நம்பவில்லை.

1970களின் தொடக்கத்தில்தான் நம் நாடு அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் மாசி இறக்குமதியைச் சுருக்கியது. அதுவரை மாசியின் பெரிய சந்தை நாம்தான். அந்த அடியில்தான் அவர்கள் ஜப்பானுக்குப் பச்சை மீன் விற்கத் திரும்பினார்கள். 1972இல் உல்லாசப் பயணத் துறையும் அங்கே தொடங்கியது. இன்று நம் ஊர்ப் பிள்ளைகள் வேலை தேடி அங்கே போகிறார்கள். காலம் எப்படிப் புரண்டது பாருங்கள்.

*அந்த டிசம்பர் 26*

சுனாமி இரண்டு நாட்டையும் ஒரே காலையில் தாக்கியது. இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோர் மரணித்தார்கள். நம் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேல். மாலைதீவில் 82 பேர் மரணித்தனர், 26 பேர் காணாமல் போயினர்.

அவ்வளவு தாழ்ந்த நாட்டில் உயிரிழப்பு ஏன் குறைவு? நம் கரையில் கடல் ஆழம் குறைந்துகொண்டே வர, அலை தடுக்கப்பட்டு உயர்ந்து சுவராக எழுந்தது. மாலைதீவின் முருகை வளையங்களோ ஆழ்கடலிலிருந்து செங்குத்தாக எழுபவை. அலை அவ்வளவு உயர இடமில்லை. முருகைப் பாறைகளும் அதன் வேகத்தைக் கொஞ்சம் உடைத்தன. உயிர் தப்பியது, ஆனால் வாழ்வு தப்பவில்லை. கிணறுகளில் உவர் ஏறியது. வடக்கே கந்தொளுதூ என்ற தீவு குடியிருக்க முடியாமல் போனது. அந்த ஊர் மக்கள் சில ஆண்டுகளை இடம்பெயர்ந்து கழித்து, துவாஃபரு என்ற இன்னொரு தீவில் புதிதாகக் குடியேறினார்கள். முகாம் வாழ்க்கையைப் பார்த்த நமக்கு அந்த ஆண்டுகள் எப்படிப் போயிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இப்போது வேறு விதமான கடல் வருகிறது. மெதுவாக வருகிறது. 1987இல் பெரும் அலைகள் மாலேக்குள் புகுந்தன. அதே ஆண்டு ஜனாதிபதி மஃமூன் அப்துல் கையூம் ஐ.நா. சபையில் கடல் மட்ட உயர்வு பற்றி உலகத்தை எச்சரித்தார். 2009இல் ஜனாதிபதி முஹம்மத் நஷீத் கடலுக்கடியில் அமைச்சரவைக் கூட்டம் நடத்தினார். வேடிக்கை என்று பலர் சிரித்தார்கள். மாலேயைச் சுற்றி ஜப்பானின் உதவியோடு தடுப்புச் சுவர் எழுந்தது. 1997 முதல் கடலை நிரப்பி ஹுளுமாலே என்ற புதிய தீவைச் சுமார் 2 மீற்றர் உயரத்தில் கட்டி வருகிறார்கள். ஆனால் முருகைக்கும் நோய் வந்துவிட்டது. 1998இலும் 2016இலும் கடல் சூடேறி முருகைகள் வெளிறிப் போயின. வேலியும் அதுவே, நிலமும் அதுவே. அது செத்தால் சுவர் மட்டும் எவ்வளவு காலம் தாங்கும்?

இவ்வளவுக்கும், உலகைச் சூடாக்கும் புகையில் அந்தச் சின்ன நாட்டின் பங்கு மிக மிகச் சிறிது.

*மாணவிக்குச் சொன்ன பதில்*

மறுநாள் இல்லை, ஒரு கிழமை கழித்துத்தான் அந்தப் பிள்ளைக்குப் பதில் சொன்னேன்.

"மகள், கொடிய எந்த ஊர்லயும் ஏத்தலாம். கீதத்த எந்த நாட்டுலயும் பாடலாம். ஆனா தென்னைய நட மண் வேணும், சூரைய அவிச்சுக் காயவைக்கக் கரை வேணும். அதனாலதான் அந்த மக்கள் கொடியத் தூக்கிக்கொண்டு போகாம, கரையக் காப்பாத்தப் பாக்குறாங்க."

பிள்ளை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டது: "அப்ப நம்மட கரை, சேர்?"

உறவுகளே, நம் கரையிலும் முன்பு சுண்ணாம்புக்கு முருகைக்கல் தோண்டப்பட்டது. தாழைப் பற்றைகளும் கண்டல் மரங்களும் வெட்டப்பட்டன. கடல் எத்தனை அடி உள்ளே வந்திருக்கிறது என்று நம் மீனவப் பெரியவர்களைக் கேட்டால் கையைக் காட்டிச் சொல்வார்கள். மாலைதீவைப் பற்றிப் படிப்பது வினாவிடைப் போட்டிக்காக மட்டும் இல்லை என்று அந்தக் கேள்விதான் எனக்குச் சொன்னது.

இனி உங்கள் பிள்ளை "தேசிய மரம் தென்னை" என்று மனப்பாடம் செய்தால், "ஏன்?" என்று ஒரு தரம் கேளுங்கள். பிள்ளைக்குத் தெரியாவிட்டால் இருவரும் சேர்ந்து தேடுங்கள்.

மாலைதீவோடு வியாபாரம் செய்த, அங்கே வேலை பார்த்த, அங்கே படிப்பித்த நம்மவர்கள் ஊரில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்கள் அனுபவங்களைக் கீழே எழுதுங்கள். நம் கரை முன்பு எங்கே இருந்தது என்று தெரிந்த பெரியவர்களும் சொல்லுங்கள், வகுப்பில் வாசித்துக் காட்டுகிறேன். பிழை ஏதும் இருந்தால் தயங்காமல் சுட்டிக்காட்டுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

வஸ்ஸலாம்.